டாலி ஆகாத டிரான்ஸ்பார்மர்

பி.காம். படிக்கிற யாரையாவது நடுராத்திரியில் எழுப்பி "பேங்க் ரீகன்சிலியேஷன் எதுக்குடா?" என்று கேட்டுப் பாருங்கள். தூக்கக் கலக்கத்திலும் பதில் வந்துவிடும். கேஷ் புக்கில் ஒரு பாக்கி, பாஸ் புக்கில் வேறொரு பாக்கி. இரண்டும் ஒரே கணக்குதான், ஆனால் ஒத்துப் போகாது. செக் கொடுத்தாயிற்று, இன்னும் பாஸாகவில்லை. பேங்க் தானாகவே ஏதோ சார்ஜ் பிடித்துக்கொண்டது. இப்படி நியாயமான காரணங்களை எல்லாம் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் மிச்சம் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அது தப்பாக இருக்கலாம், திருட்டாகவும் இருக்கலாம்.

பரீட்சையில் இதற்கு அரை மணி நேரம் கிடைக்கும். இதே வேலையை ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்தில் முடிக்கச் சொன்னால்?

கொரட்டூர், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று சென்னையின் மேற்குப் பக்கம் முழுக்க இருக்கும் சப்-ஸ்டேஷன்களில் ஒரு பெட்டி இதைத்தான் ராப்பகலாகச் செய்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டிஃபரன்ஷியல் ரிலே. மின்சாரத் துறைக்காரர்கள் அவ்வளவு நீளமாகச் சொல்ல மாட்டார்கள். "எய்ட்டி செவன்" என்பார்கள். உலகம் முழுக்க ரிலேக்களுக்கு ஒரு நம்பர் வரிசை உண்டு, அதில் இதற்கு 87.

காமர்ஸ் மாணவனுக்கும் ரிலேவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்கலாம். அக்கவுன்டன்சி படித்தவர்களுக்கு இன்ஜினியரிங்காரர்களைவிட இது சீக்கிரம் பிடிபடும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. :-)

அடிப்படை யோசனை ரொம்பப் பழசு. 1904-ல் இங்கிலாந்தில் சார்லஸ் மெர்ஸ், பெர்னார்ட் பிரைஸ் என்ற இருவர் இதற்குப் பேடன்ட் வாங்கினார்கள். இன்றும் பாடப் புத்தகத்தில் 'மெர்ஸ்-பிரைஸ் முறை' என்றுதான் இருக்கும். ஒரு கருவிக்குள் போகும் கரண்டையும் வெளியே வரும் கரண்டையும் அளந்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. பூஜ்யம் வந்தால் உள்ளே எல்லாம் நலம். பூஜ்யம் வராவிட்டால் நடுவில் எங்கோ ஒழுகுகிறது, உடனே இரண்டு பக்கமும் பிரேக்கரைத் திறந்துவிடு. அவ்வளவுதான்.

வரவு ஈக்வல் டு செலவு. சின்னப் பிள்ளைக்கும் புரியும். பிறகு ஏன் இதைப் பற்றி நூறு வருஷத்துக்கு மேலாக இன்ஜினியர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்?

ஏனென்றால் டிரான்ஸ்பார்மர் என்பது நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே டாலி ஆகாத ஒரு கணக்கு.

ஒரு சாதாரண உதாரணம். 110 கே.வி.யை 11 கே.வி.யாகக் குறைக்கும் 16 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர். நம்மூர் சப்-ஸ்டேஷன்களில் சகஜமாகப் பார்க்கக்கூடிய சைஸ். ஃபுல் லோடில் 110 கே.வி. பக்கம் 84 ஆம்பியர் உள்ளே போகிறது. 11 கே.வி. பக்கம் 840 ஆம்பியர் வெளியே வருகிறது. நேரடியாகக் கழித்தால் அபத்தம். டாலரில் வாங்கி ரூபாயில் விற்பவன் இரண்டையும் ஒரே காலத்தில் எழுத முடியாது இல்லையா, அது மாதிரி. அதனால் 110 பக்கம் நூறு ஆம்பியரை ஒரு ஆம்பியராகக் காட்டும் சி.டி.யும் (கரண்ட் டிரான்ஸ்பார்மர்), 11 பக்கம் ஆயிரத்தை ஒன்றாகக் காட்டும் சி.டி.யும் வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் 0.84 ஆம்பியர். கழித்தால் பூஜ்யம்.

பிரச்சினை இங்கேதான் ஆரம்பம்.

எக்ஸ்சேஞ்ச் ரேட் நிலையாக இருந்தால் சரி. ஆனால் டிரான்ஸ்பார்மரில் டேப் சேஞ்சர் என்று ஒன்று இருக்கிறது. சாயந்திரம் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓட ஆரம்பித்து வோல்டேஜ் இறங்கினால், சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றி வோல்டேஜைத் தூக்கிவிடும் சாதனம் அது. (ஆவடி தாண்டி சி.டி.எச். ரோட்டில் போனால் திருநின்றவூரில் ஈசன்-எம்.ஆர். என்ற கம்பெனி டேப் சேஞ்சர்களையே தயாரித்து வந்தது. அந்த வழியாகப் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரிந்திருக்கும்?) டேப் பத்து சதவீதம் நகர்ந்தால் அதே 840 ஆம்பியருக்கு மேல்பக்கம் 84-க்குப் பதில் 93 ஆம்பியர் வேண்டும். சி.டி. ரேஷியோ மாறாது. ரிலேயின் கண்ணில் பத்து சதவீதம் துண்டு விழுகிறது. யாரும் திருடவில்லை, ரேட் மாறியிருக்கிறது. கணக்குப்பிள்ளைக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது கடிகாரம். 33 கே.வி.யை 11 ஆக்கும் டிரான்ஸ்பார்மர்கள் பலவற்றில் ஒரு பக்கம் டெல்டா, மறுபக்கம் ஸ்டார். இரண்டு பக்க அலைகளுக்கும் நடுவே 30 டிகிரி இடைவெளி இருக்கும். அளவு சமமாகவே இருந்தாலும் 30 டிகிரி தள்ளி நிற்கும் இரண்டு அலைகளைக் கழித்தால் 52 சதவீதம் மிச்சம் வரும். பாதிக்கு மேல்! டேட் மாறி என்ட்ரி போட்டால் மாசக் கடைசியில் என்ன ஆகுமோ அதுதான். பழைய காலத்தில் டெல்டா பக்கம் சி.டி.களை ஸ்டாராகவும், ஸ்டார் பக்கம் டெல்டாவாகவும் இணைத்து இதைச் சரிக்கட்டினார்கள். இன்றைய கம்ப்யூட்டர் வைத்த ரிலேக்களில் செட்டிங்கில் ஒரு எண்ணைத் தட்டினால் போதும். தப்பான எண்ணைத் தட்டினால் என்ன ஆகும் என்பது தனிக்கதை.

இந்த மாதிரி நிரந்தர வித்தியாசங்களுக்கு ஆடிட்டர்கள் என்ன செய்வார்கள்? மெட்டீரியாலிட்டி என்பார்கள். கோடி ரூபாய் கணக்கில் நூறு ரூபாய் உதைத்தால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம். ரிலேக்காரர்கள் அதையே 'பயஸ்' என்கிறார்கள். வித்தியாசம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதே, ஓடுகிற கரண்டில் அது எத்தனை சதவீதம் என்று பார். இருபது, முப்பது சதவீதம் தாண்டினால் மட்டும் குதி. கரண்ட் ஏற ஏற, பொறுத்துக்கொள்ளும் அளவும் ஏறும். அழகான ஏற்பாடு.

ஆனால் நன்றாக யோசித்துப் பாருங்கள். இருபது சதவீதம் வரை பொறுத்துக்கொள்கிற ஆடிட்டரிடம் பத்து சதவீதம் திருடினால் அவருக்குத் தெரியுமா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஜுஜுபி. ரிலேயை உண்மையாகவே ஏமாற்றுவது 'இன்ரஷ்'.

டிரான்ஸ்பார்மரை முதல்முறை சார்ஜ் பண்ணும்போது, அதாவது 110 கே.வி. பிரேக்கரைப் போடும்போது, மறுபக்கம் லோடே இருக்காது. ஆனாலும் உள்ளே பெரிய கரண்ட் பாயும். காரணம் இரும்பு கோர். கோருக்குள் காந்தப்புலம் ஒரு அளவுக்கு மேல் போனால் இரும்பு நிரம்பிவிடும். பிரேக்கர் மூடுகிற கணம், அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பது அதிர்ஷ்டம். வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் நேரமாகப் பார்த்து மூடினால் காந்தப்புலம் வழக்கமான உச்சத்தைப் போல இரண்டு மடங்கு போகப் பார்க்கும். முந்தைய தடவை ஆஃப் செய்தபோது கோரில் தங்கிவிட்ட பழைய காந்தமும் அதே திசையில் இருந்தால் இன்னும் மோசம். இரும்பு நிரம்பி வழியும். 84 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் முதல் சில அலைகளுக்கு 500, 600 ஆம்பியர்கூட இழுக்கும். சில நொடிகளில் தானாகவே அடங்கிவிடும். அதுவரை டிரான்ஸ்பார்மர் "ஊஊம்ம்" என்று உறுமும்.

இப்போது ரிலேயின் நிலையில் இருந்து பாருங்கள். ஒரு பக்கம் 600 ஆம்பியர் உள்ளே போகிறது. மறுபக்கம் பூஜ்யம். வரவு மட்டும் இருக்கிறது, செலவே இல்லை. இதைவிட அப்பட்டமான திருட்டு உண்டா? ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு ஒன்றுமே ஆகவில்லை!

ஆரம்பத்தில் இதற்கு வழி தெரியாமல், சார்ஜ் பண்ணும் நேரத்தில் ரிலேயைக் கொஞ்சம் தூங்க வைத்தார்கள். ஆனால் புதிதாகப் பொருத்திய, அல்லது ரிப்பேர் முடிந்து வந்த டிரான்ஸ்பார்மர் வெடிக்க வாய்ப்பு அதிகம் இருப்பதே சார்ஜ் பண்ணும் அந்த நேரத்தில்தான். வாட்ச்மேனுக்குத் திருடன் வருகிற நேரம் பார்த்து லீவு கொடுத்த மாதிரி.

1938-ல் கென்னடி, ஹேவார்ட் என்ற இரண்டு அமெரிக்க இன்ஜினியர்கள் வேறு வழி காட்டினார்கள். அளவைப் பார்க்காதே, அலையின் உருவத்தைப் பார் என்றார்கள். உண்மையான ஷார்ட் சர்க்யூட்டில் கரண்ட் அலை ஏறக்குறைய ஒழுங்கான வடிவில் மேலும் கீழும் சமமாகப் போகும். இன்ரஷ் அலை அப்படி இல்லை. ஒரே பக்கமாக முட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் தட்டையாகக் கிடக்கும். அதைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸுக்கு இரண்டு மடங்கான 100 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டாம் ஹார்மோனிக், நிறைய இருக்கும். ஆகவே வித்தியாசக் கரண்டில் இரண்டாம் ஹார்மோனிக் 15 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது இன்ரஷ், கையைக் கட்டிக்கொண்டு சும்மா இரு. இல்லையென்றால் அடி.

ஏறக்குறைய இதே விதிதான் இன்றும் ஓடுகிறது. நம்மூரில் இதற்கு நெருக்கமான உறவும் உண்டு. பூந்தமல்லியில் இருந்து ரொம்பத் தூரமில்லாத பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலக்ட்ரிக் கம்பெனி ரிலேக்கள் தயாரித்தது. அந்தக் கம்பெனியின் டி.டி.எச். 31 என்ற ஹார்மோனிக் வகை டிஃபரன்ஷியல் ரிலேயை நாடு முழுக்கப் பழைய கண்ட்ரோல் பேனல்களில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிறகு கம்பெனியின் போர்டில் பெயர் எத்தனையோ தடவை மாறிவிட்டது.

1938-ல் போட்ட விதி இன்றும் அப்படியே செல்லுமா? அங்கேதான் வில்லங்கம். அந்தக் கால கோர் இரும்புக்கு 15 சதவீதம் பொருந்தியது. இப்போது நஷ்டம் குறைந்த உயர்தர ஸ்டீலில் கோர் செய்கிறார்கள். மின்சாரம் மிச்சம், நல்லதுதான். ஆனால் இவற்றின் இன்ரஷில் ஏதாவது ஒரு ஃபேஸில் இரண்டாம் ஹார்மோனிக் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. ரிலே அதை நிஜமான ஃபால்ட் என்று நினைத்து டிரிப் கொடுக்கும். சரி, 15-ஐ 8 ஆகக் குறைக்கலாமா? குறைத்தால், நிஜமான ஃபால்டில் சி.டி. தடுமாறி உண்டாக்கும் ஹார்மோனிக்கைப் பார்த்து ரிலே கையைக் கட்டிக்கொள்ளும் ஆபத்து கூடும். மூன்று ஃபேஸில் ஒன்றில் ஹார்மோனிக் இருந்தாலும் மூன்றையும் நிறுத்தி வை என்று இன்னொரு ஏற்பாடு உண்டு. அதில் சார்ஜ் பண்ணும்போதே ஒரு ஃபேஸில் நிஜ ஃபால்ட் இருந்தால், மற்ற இரண்டின் இன்ரஷ் அடங்கும்வரை டிரிப் தள்ளிப் போகலாம். எண்ணெய்க்குள் எரிகிற நெருப்புக்கு அது ரொம்ப நீளமான நேரம்.

அக்கவுன்டன்சி பாஷையில் ஹார்மோனிக் தடை என்பது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். காரணம் தெரியாத வித்தியாசத்தை அதில் போட்டு வைத்தால் டிரையல் பேலன்ஸ் அப்போதைக்கு டாலி ஆகும். எதை அதில் போடலாம், எதைப் போடவே கூடாது என்பதில்தான் சாமர்த்தியம் எல்லாம். அதனால்தான் எந்தப் பூட்டுக்கும் கட்டுப்படாத ஒரு ஹை-செட் யூனிட்டையும் கூடவே வைத்திருப்பார்கள். வித்தியாசம் ஃபுல் லோடைப் போல எட்டு, பத்து மடங்கு போனால் ஹார்மோனிக்காவது ஒன்றாவது, உடனே டிரிப்.

பக்கத்து வீட்டுக்காரன் கதை ஒன்றும் இருக்கிறது. ஒரே சப்-ஸ்டேஷனில் இரண்டு டிரான்ஸ்பார்மர் இணையாக ஓடினால், ஒன்றை சார்ஜ் பண்ணும்போது ஏற்கெனவே சாதுவாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொன்றுக்கும் இன்ரஷ் வரும். அனுதாப இன்ரஷ்! பெயர் வைத்தவர் ரசிகராக இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுக்க இண்டக்‌ஷன் ஃபர்னஸ்களும் டிரைவ்களும். இப்போது டேட்டா சென்டர்களும் சேர்ந்துகொண்டன. அவை எல்லாம் லைனில் ஹார்மோனிக்கைக் கொட்டுகின்றனவே, ரிலே குழம்பாதா? பெரும்பாலும் குழம்பாது. அந்த ஹார்மோனிக் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. கழித்தால் அதுவும் கழிந்துவிடும். ரிலே பார்ப்பது மிச்சத்தை மட்டும்தான்.

அடுத்த எதிரி சி.டி. கணக்கு எழுதுகிறவன் நல்லவன், அவனுக்கு வவுச்சர் கொண்டுவந்து கொடுக்கிறவன் மயங்கி விழுந்தால்?

சப்-ஸ்டேஷன் வாசலுக்கு வெளியே நூறு மீட்டரில் ஒரு ஜே.சி.பி. 11 கே.வி. கேபிளைக் குத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். (அம்பத்தூர், ஆவடிப் பக்கம் இதைக் கற்பனை செய்யப் பெரிய முயற்சி தேவையில்லை.) டிரான்ஸ்பார்மர் வழியாக ஃபுல் லோடைப் போலப் பத்து மடங்கு, 8400 ஆம்பியர் வரை பாயலாம். ஃபால்ட் வெளியே, டிரான்ஸ்பார்மருக்குள் ஒன்றுமில்லை. 87 அசையக்கூடாது. அந்த ஃபீடரின் ரிலே அந்த ஃபீடரை மட்டும் வெட்ட வேண்டும். இரண்டு சி.டி.களும் 8.4 ஆம்பியர் என்று ஒழுங்காகச் சொன்னால் அப்படியே நடக்கும். ஆனால் சி.டி.க்குள்ளும் இரும்புதான் இருக்கிறது. 11 கே.வி. பக்க சி.டி. நிரம்பிப் போய்ப் பாதியைத்தான் சொல்கிறது என்றால், ரிலேக்கு 8.4 ஒரு பக்கம், 4.2 மறுபக்கம். இரண்டின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு வித்தியாசம். முப்பது சதவீத பயஸ் எந்த மூலைக்கு? டிரான்ஸ்பார்மரே டிரிப் ஆகிவிடும். ஒரு தெருவுக்குப் போக வேண்டிய கரண்ட், ஊருக்கே போய்விடும்.

இதற்காகத்தான் 'பி.எஸ். கிளாஸ்' என்ற தனி வகை சி.டி. வேண்டும் என்கிறார்கள். இதற்காகத்தான் கரண்ட் அதிகமாகும்போது பயஸை எண்பது சதவீதம் வரை ஏற்றும் இரண்டாவது சரிவு வந்தது. சி.டி.யில் இருந்து கண்ட்ரோல் ரூம் வரை போகும் ஒயர் நீளமாகவும் மெல்லிசாகவும் இருந்தால் சி.டி. சீக்கிரம் மயங்கும். ஒயரில் மிச்சம் பிடித்த காசு அந்த ஒரு ராத்திரியில் வட்டியோடு போய்விடும்.

ஒயர் என்றதும் மழை ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தேங்கிய தண்ணீரையும் இந்தப் பகுதிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். சப்-ஸ்டேஷன் யார்டில் இந்த ஒயர்கள் கேபிள் டிரெஞ்சில்தான் போகின்றன. சி.டி. சர்க்யூட்டை ஒரே ஒரு இடத்தில்தான் எர்த் பண்ண வேண்டும் என்பது சட்டம் மாதிரி. எலி கடித்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் யாரும் போடாத இரண்டாவது எர்த் தானாக உருவாகிவிடும். பக்கத்தில் எங்காவது எர்த் ஃபால்ட் ஆகும்போது அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே ஒயரில் கரண்ட் ஓடும். ரிலே பார்ப்பது ஒயரில் வருவதைத்தான். இதுவும் வித்தியாசம்! டிரிப்! மழை நாளில் காரணமே தெரியாமல் விழும் டிரிப்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

இனி அந்தப் பத்து சதவீதத் திருடனுக்கு வரலாம்.

இத்தனை சமாதானங்களையும் ஏற்றுக்கொண்ட ரிலே, எதைக் கண்டுகொள்ளாமல் விடும்? டிரான்ஸ்பார்மருக்குள் அடுத்தடுத்த இரண்டு மூன்று சுற்றுகளின் இன்சுலேஷன் போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஃபால்ட். ஒட்டிய அந்தச் சுற்றுக்குள் ஆயிரம் ஆம்பியர் சுழன்றுகொண்டிருக்கலாம், செம்பு உருகிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஆயிரம் சுற்றில் மூன்று என்றால் வெளியே லைனில் தெரிவது மூன்று ஆம்பியர்தான். ரிலேயோ 84-ல் இருபது சதவீதம், சுமார் 17 ஆம்பியர் தாண்டினால்தான் எழுந்திருக்கும். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகிவிட்டது என்பதற்காகக் கணக்கு சரி என்று அர்த்தமில்லை என்று முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்களே, அதே கதை.

இந்த இடத்தில் காப்பாற்றுவது புக்கோல்ஸ் ரிலே. 1921-ல் ஜெர்மனியின் மாக்ஸ் புக்கோல்ஸ் செய்தது. கணக்கு வழக்கு எதுவும் தெரியாது. மெயின் டாங்குக்கும் மேலே இருக்கும் கன்சர்வேட்டருக்கும் நடுவே பைப்பில் உட்கார்ந்திருக்கும். உள்ளே எங்கோ எண்ணெய் கருகினால் வாயு குமிழியாக மேலே வரும். கொஞ்சம் சேர்ந்தால் அலாரம், எண்ணெய் வேகமாக மோதினால் டிரிப். மூக்கால் முகர்ந்தே கண்டுபிடிக்கும் பழைய கடைக்கார அண்ணாச்சி மாதிரி. 2010-ல் வந்த மத்திய மின்சார ஆணைய விதிகள் ஆயிரம் கே.வி.ஏ. முதலே இந்த வாயு வகைப் பாதுகாப்பையும், பத்து எம்.வி.ஏ. முதல் டிஃபரன்ஷியலையும் கட்டாயமாக்கின. (2023-ல் அவற்றின் இடத்தில் புது விதிகள் வந்துவிட்டன.) இரண்டும் வேண்டும் என்று எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் இன்ஜினியர்கள் பாடு என்று விட்டுவிடலாமா? மே மாத ராத்திரி பதினோரு மணிக்கு கரண்ட் போகும்போது விட முடியாது.

அந்த நேரத்தில் சப்-ஸ்டேஷன் கண்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர்தான் இருப்பார். கூட ஒரு ஹெல்ப்பர் இருந்தால் உண்டு. ஹூட்டர் அலறும். பேனலில் 87. எண்பத்தாறாம் நம்பர் மாஸ்டர் டிரிப் ரிலே பூட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் ரீசெட் செய்யாமல் பிரேக்கர் மூடாது. போன் ஓயாது. "எப்ப சார் வரும்? குழந்த தூங்கல சார்." "ஃபர்னஸ்ல மெட்டல் இருக்கு சார், உறைஞ்சா அவ்ளோதான் சார்." இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அப்புறம் ஏ.இ.யின் போன் வரும்.

"என்னென்ன வந்திருக்கு?"

"எய்ட்டி செவன் மட்டும்தான் சார். பி ஃபேஸ். புக்கோல்ஸ் வரல."

"அதே நேரம் ஃபீடர் எதாச்சும் போச்சா?"

இந்த ஒரு கேள்வியில் மேலே சொன்ன எல்லாமே அடங்கியிருக்கிறது. ஃபீடரும் போயிருந்தால் சி.டி. மயங்கியிருக்கலாம், டிரான்ஸ்பார்மர் நிரபராதியாக இருக்கலாம். எதுவுமே நடக்காமல் 87 மட்டும் அடித்திருந்தால் சந்தேகம் உள்ளே போகிறது. புக்கோல்ஸும் சேர்ந்து அடித்திருந்தால் பேச்சே இல்லை, டெஸ்ட் முடியாமல் தொடவே கூடாது. புது ரிலேக்களில் அந்த நொடியின் அலை படமாகப் பதிவாகியிருக்கும், எடுத்துப் பார்க்கலாம். பழைய ரிலேயில் விழுந்த கொடி மட்டும்தான் சாட்சி.

ரீசெட் செய்து ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றும். போட்டு, உள்ளே நிஜமாகவே ஃபால்ட் இருந்தால், பல ஆயிரம் லிட்டர் எண்ணெய்க்கு நடுவே இரண்டாம் முறை ஆர்க் அடிக்கும். ரிப்பேர் செய்யக் கூடியதாக இருந்த டிரான்ஸ்பார்மர் காயலான் கடைக்குப் போகலாம், பக்கத்தில் இருப்பவர் உயிருக்கும் ஆபத்து. கோடிக்கணக்கில் விலை. நினைத்த நாளில் கடையில் வாங்கி வர முடியாது. போடாமல் இருந்தால், ஒருவேளை ஒன்றுமே ஆகாத டிரான்ஸ்பார்மருக்காக ஒரு ஊர் விடிய விடிய விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டில் எது தப்பு என்று மறுநாள் காலையில் எல்லோராலும் சொல்ல முடியும். அந்த நேரத்தில் சொல்ல வேண்டியவர் அந்த ஒருவர்தான். அவரைத் திட்டித் தீர்ப்பது சுலபம், நியாயமில்லை.

ரிலே தப்பாகக் குதித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரிய உதாரணம் 2012. ஜூலை 30 அதிகாலை, பீனா-குவாலியர் 400 கே.வி. லைனில் ஃபால்ட் எதுவும் இல்லாமலே, அளவுக்கு மீறிய லோடை ஃபால்ட் என்று எடுத்துக்கொண்டு ஒரு ரிலே லைனை வெட்டியது. வட இந்தியா இருண்டது. மறுநாள் இன்னும் பெரிதாக, சுமார் 62 கோடி பேர் வாழும் பகுதி முழுக்கப் போனது. அது டிஃபரன்ஷியல் ரிலே இல்லை, டிஸ்டன்ஸ் ரிலே. ஆனால் நோய் ஒன்றுதான், ஆரோக்கியத்தை வியாதி என்று நினைப்பது. தமிழ்நாடு அன்று தப்பியதற்குக் காரணம் தெற்கு கிரிட் அப்போது மற்றவற்றோடு ஏ.சி. லைனில் இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31-ல்தான் ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் மூலம் இணைந்தது.

இதைவிட அற்பமான காரணத்தாலும் 87 விழும். சி.டி.யின் இரண்டு முனைகளை மாற்றி இணைத்துவிட்டால் போதும். கழிக்க வேண்டிய இடத்தில் ரிலே கூட்டும். டெபிட்டை கிரெடிட் பக்கம் போட்டால் வித்தியாசம் இரண்டு மடங்கு வருமே, அதேதான். ராத்திரி லோடு குறைவாக இருக்கும்போது சார்ஜ் பண்ணினால் தெரியாது. காலையில் தொழிற்பேட்டை விழித்து மோட்டார்கள் ஓட ஆரம்பித்ததும் டமால்.

இதைப் பிடிக்க எளிமையான ஒரு டெஸ்ட் உண்டு. 11 கே.வி. பக்கத்தை ஷார்ட் செய்துவிட்டு, 110 கே.வி. பக்கத்தில் சாதாரண 415 வோல்ட் மூன்று ஃபேஸ் சப்ளையைக் கொடுப்பார்கள். நம் உதாரண டிரான்ஸ்பார்மரில் மேல்பக்கம் மூன்று ஆம்பியர் சொச்சம், கீழ்ப்பக்கம் முப்பது சொச்சம் ஓடும். சி.டி. வழியாக ரிலேக்கு வருவது வெறும் 32 மில்லி ஆம்பியர். மீட்டரை வித்தியாசச் சர்க்யூட்டில் வைத்தால் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். 64 காட்டினால் எங்கோ முனை மாறியிருக்கிறது. பிறகு வேண்டுமென்றே ஒரு பக்க சி.டி.யை மாற்றி இணைத்து, ரிலே அந்த 64-ஐப் பார்க்கிறதா என்றும் சோதிப்பார்கள். சரியாக இருக்கிறது என்பதோடு, தப்பானால் தெரியும் என்பதையும் உறுதி செய்துகொள்ளும் வேலை. ஆடிட் படிக்கிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

டிரிப்புக்குப் பிறகும் மெக்கர், ரேஷியோ, எண்ணெய் சாம்பிள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் சரி என்றால்தான் கையெழுத்து. எண்பத்தாறை ரீசெட் செய்துவிட்டு, லோடு எதுவும் இல்லாமல், 110 கே.வி. பிரேக்கரை மட்டும் போடுவார்கள். யார்டில் யாரும் நிற்கக்கூடாது. "ஊஊம்ம்" என்று அந்தச் சத்தம் கிளம்பும். அது படிப்படியாக இறங்கி வழக்கமான ரீங்காரமாகும்வரை கண்ட்ரோல் ரூமில் எல்லோருடைய கண்ணும் 87 மேல்தான். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவைத்துப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் ஒவ்வொரு ஃபீடராகப் போட ஆரம்பிப்பார்கள்.